மூக்குக் கண்ணாடியும் டில்லிப் புழுதியும்

மூக்குக் கண்ணாடி அணிகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் கண்ணாடியைக் கழற்றி, வாயால் இரண்டு முறை ஆவி ஊதி, சட்டை நுனியையோ துப்பட்டாவின் முனையையோ எடுத்துப் பரபரவென்று தேய்த்து, விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, மனநிறைவுடன் மீண்டும் மாட்டிக்கொள்வார்கள். நம் சங்கக் கூட்டங்களில் சொற்பொழிவு சற்று நீண்டுவிட்டால் திரும்பிய பக்கமெல்லாம் இந்தக் காட்சிதான். இந்த எளிய செய்கையால் கண்ணாடிக்கு விளையும் கேட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். கண்ணாடி அணியாத பாக்கியசாலிகள் அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிடலாம். ஆனால் ஆராய்ச்சி மாணவர் வாழ்க்கையில் அந்தப் பாக்கியம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கண்ணாடியில் கீறல் விழுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். வீட்டிலிருந்து வரும் பணத்திலோ உதவித் தொகையிலோ காலந்தள்ளும் மாணவனுக்கு அது சிறிய செய்தி அன்று. புதிய வில்லைகள் போட வேண்டுமென்றால் அந்த மாதத்து உணவுக் கணக்கில் துண்டு விழும். ஆகவே கீறல் விழுந்த கண்ணாடியோடேயே ஓராண்டு, ஈராண்டு ஓட்டிவிடுகிறோம். அல்லது யாராவது சொன்ன கைவைத்தியத்தைச் செய்து பார்க்கிறோம். முதலாவதைவிட இரண்டாவது மோசம். அந்தக் கைவைத்தியங்களுள் ஒன்று கண்ணாடியை மட்டுமன்றிக் கையையும் உயிரையும் வாங்கக்கூடியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், கீறல் என்பது எவ்வாறு உண்டாகிறது? ஒரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமான இன்னொரு பொருள் வேண்டும். எது எதைக் கீறும் என்பதை வரிசைப்படுத்தி, 1812 ஆம் ஆண்டில் பிரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஓர் அளவை வகுத்தார். மிக மென்மையான டால்க் என்னும் மாக்கல்லுக்கு 1, ஜிப்சத்துக்கு 2, கால்சைட்டுக்கு 3, இப்படியே ஏறி, குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லுக்கு 7, வைரத்துக்கு 10. நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். இந்தக் கணக்கில் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 7. ஏனெனில் மணல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் குவார்ட்ஸ் துகள்தான்.

நம் வளாகத்தை ஒட்டி ரிட்ஜ் என்னும் குன்று ஓடுகிறதல்லவா? மாலையில் அங்கு உலாவப் போகாதவர் நம்மில் குறைவு. ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே வந்து தேய்ந்து முடியும் வால்தான் அது. அதன் பாறைக்குக் குவார்ட்ஸைட் என்று பெயர். பழங்காலத்து மணல் புதைந்து, அழுந்தி, வெந்து இறுகிய பாறை அது, பெரும்பகுதி குவார்ட்ஸ். அது சிதைந்தாலும் குவார்ட்ஸ் தூள்தான் வரும். போதாக்குறைக்கு மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து ‘ஆந்தி’ எனப்படும் புழுதிப் புயல் வீசுகிறது. சன்னலை மூடி வைத்தாலும் மேசையின் மேல் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி படிகிறது. அந்தத் தூசி மேசையில் மட்டுமா படிகிறது? மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியிலும்தான் படிகிறது. நம் சட்டையிலும் படிகிறது. அந்தச் சட்டையின் நுனியால்தான் நாம் கண்ணாடியைத் துடைக்கிறோம்.

ஆக, கண்ணாடியைக் கீறுவது துணி அன்று. பருத்தி நூலுக்கு அந்த வலிமை இல்லை. துணிக்கும் வில்லைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மணல் துகளே கீறுகிறது. துணி அதைப் பிடித்து இழுக்கும் கை மட்டுமே. நாம் மெதுவாகத்தானே துடைக்கிறோம் என்று கேட்கலாம். ஒரு துகளின் கூரிய முனை 10 மைக்ரானுக்கு 10 மைக்ரான் பரப்பில் வில்லையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த முனையின் மேல் வெறும் ஒரு கிராம் எடையளவு விசை விழுந்தால், அவ்விடத்தில் உண்டாகும் அழுத்தம் ஏறக்குறைய 1000 வளிமண்டல அழுத்தம் ஆகிவிடுகிறது. விரல் சற்று அழுந்தினால் அது இன்னும் எத்தனையோ மடங்கு. நமக்கு மென்மையாகத் தோன்றுவது அந்தத் துகளின் முனையில் மென்மை அன்று. வாயால் ஊதுவதால் பயன் உண்டா என்றால், அந்த ஆவி ஒரு மெல்லிய ஈரப்படலம் மட்டுமே. மணலைக் கழுவி அப்புறப்படுத்த அது போதாது. ஈரமான உப்புத்தாளால் தேய்த்தாலும் தேய்ப்பு தேய்ப்புதானே!

இனி வில்லையின் பக்கம் வருவோம். கண்ணாடி என்று பெயர் சொன்னாலும் இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லைகளே. இவற்றுள் பழையது சி.ஆர்.39 என்பது. 1940 வாக்கில் அமெரிக்காவில் ஒரு ரசாயனக் கம்பெனி வரிசையாகச் செய்து பார்த்த பிசின்களுள் 39 ஆவது என்பதால் இந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்பட்ட பொருள், போர் முடிந்ததும் வேறு வேலை தேடி வந்து, 1947 இல் மூக்குக் கண்ணாடி வில்லையாயிற்று. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், இதற்கு 1.3 தான். மூக்கின் மேல் பாதிச் சுமை இறங்கியது. கீழே விழுந்தால் நொறுங்காது என்பது அடுத்த நன்மை. இன்னொன்று பாலிகார்பனேட். 1953 இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஒருவரை ஒருவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். அடர்த்தி 1.2. சுத்தியால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆதலால் ஆய்வுக்கூடப் பாதுகாப்புக் கண்ணாடிகளும் தலைக்கவசங்களின் முகப்புகளும் இதனால் செய்யப்படுகின்றன. ஆனால் உடையாத பொருளெல்லாம் கீறலுக்கும் அஞ்சாது என்று எண்ணிவிடக் கூடாது. பாலிகார்பனேட் மிகவும் மென்மையானது. அடியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் அதே குணம்தான், மணல் முனைக்கும் இடங்கொடுத்துப் பள்ளம் விழச் செய்கிறது.

பழைய கண்ணாடியே மேல் போலிருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அது ஐந்தரை, மணல் ஏழு. கீறல் குறையுமே தவிர, விழாமல் இராது.

மணலை எதிர்த்து நிற்க வேண்டுமானால் வில்லையே குவார்ட்ஸாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ்நாட்டில் அதையும் செய்திருக்கிறார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊர் இருக்கிறதே, அங்குக் கிடைத்த படிகக் கல்லை அறுத்து, சாணை பிடித்து, மூக்குக் கண்ணாடி வில்லைகளாகச் செய்யும் தொழில் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. படிகக் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தொட்டால் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சி விரலுக்குத்தானே தவிரக் கண்ணுக்குள் போகாது. மெய்யான நன்மை, அது எளிதில் கீறல் விழாமல் தந்தையிடமிருந்து மகனுக்கு வரத்தக்கதாக இருந்ததுதான். பளுவும் விலையும், இழைப்பதற்கு ஆகும் உழைப்பும் அதை ஒதுக்கிவிட்டன.

பிளாஸ்டிக்கின் மென்மையை ஈடுகட்டுவதற்காக அதன் மேல் பூச்சுகள் பூசுகிறார்கள். இந்தப் பூச்சுகளைப் பற்றி அறிந்துகொண்டால்தான் பின்னால் சொல்லப்போகும் வைத்தியங்கள் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். முதலில் வில்லையை ஒட்டி, சிலிக்கன் சேர்ந்த ஒரு கடினப் பூச்சு. சில மைக்ரான் தடிப்பு. கீறலைத் தாங்கும் கவசம் இதுதான். இதற்கு மேல் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு. பூச்சில்லாத வில்லையின் ஒவ்வொரு பக்கமும் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து 8 பங்கு வீண். 1886 இல் ராலே பிரபு, புதிய கண்ணாடியைவிட நாட்பட்டு மங்கிய கண்ணாடி வழியாக ஒளி கூடுதலாகச் செல்வதைக் கண்டார். மேற்பரப்பில் இயற்கையாகவே படிந்த மெல்லிய படலம் பிரதிபலிப்பைக் குறைத்ததுதான் காரணம். 1935 இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மாக்குலா என்பவர் அந்தப் படலத்தை வேண்டுமென்றே, காற்று நீக்கிய அறையில் ஆவியாகப் படிய வைக்கும் முறையைக் கண்டார். படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் அலையும், அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தக்கபடி படலத்தின் தடிப்பு ஒளியலையின் நீளத்தில் கால் பங்காக அமைய வேண்டும். இன்று இப்படிப் பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் சாயல் இதன் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் வழுக்கிவிடும் ஒரு படலம்.

கவனிக்க வேண்டியது தடிப்பு. பிரதிபலிப்பைத் தடுக்கும் படலங்கள் எல்லாம் சேர்ந்தே கால் மைக்ரான் அளவுதான் இருக்கும். கீறல் அதைக் கடந்து உள்ளே இறங்குவதற்கு என்ன நேரம் ஆகும்? அன்றியும், பூச்சுள்ள வில்லையில் கீறல் பூச்சில்லாத வில்லையைவிடப் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் பிரதிபலிப்பில்லாமல் இருண்டிருக்க, கீறிய கோடு மட்டும் வெள்ளையாக ஒளியைத் திருப்புவதே காரணம். ‘விலை அதிகம் கொடுத்து வாங்கினேன், இதில்தான் சீக்கிரம் கீறல் விழுகிறது’ என்று பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீறலால் பார்வைக்கு என்ன கெடுதல்? வில்லை நம் கண்ணுக்கு முன் 12 முதல் 14 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அத்தனை அருகிலுள்ள பொருளைக் கண் தெளிவாகக் குவித்துப் பார்க்க இயலாது. ஆகவே கீறலின் வடிவம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் கீறலின் கரைகளில் பட்ட ஒளி தன் வழியை விட்டு நாலா பக்கமும் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெண்படலமாகப் பரவுகிறது. கறுப்பு எழுத்தின் கருமை குறைகிறது. வெள்ளைத் தாள் கூசுகிறது. பகலில் கண்மணியின் துவாரம் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். இளம் வயதினருக்கு இரவில் அது 7 மில்லிமீட்டர் வரை விரிகிறது. அதனால் வில்லையில் இன்னும் பரந்த இடத்திலுள்ள கீறல்களெல்லாம் இரவில் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன. ரிங் ரோட்டில் இரவு எதிரே வரும் லாரியின் முகவிளக்கு, கண்ணாடியில் கீறலுள்ளவனுக்கு ஒரு விளக்காகத் தெரிவதில்லை. ஒளிக்கற்றைகள் நீட்டிய ஒரு பெரும் பூவாகத் தெரிகிறது. அந்தப் பூவுக்குள் சைக்கிளில் வருகிறவன் மறைந்துவிடுகிறான். ஜனவரி மாதத்துப் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. ஸ்கூட்டர் ஓட்டும் நண்பர்கள் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது.

கீறல் விழுந்த கண்ணாடியைப் போட்டால் ‘பவர்’ ஏறிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி ஏறாது. கண்ணாடியில் விழுந்த கோடு கண்ணின் அமைப்பை மாற்றாது. கூச்சமும் சோர்வும் உண்டாகும் என்பதே உண்மை. அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் குறிப்பிடலாம்.

இப்போது கைவைத்தியங்கள். எல்லோரும் அறிந்தது பற்பசை. சென்ற குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் திருநெல்வேலியிலிருந்து வந்த தம்பி ஒருவர், ரசாயனம் முதலாண்டு படிப்பவர், இதைச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். “அண்ணே, கீறல் போச்சு, ஆனா எல்லாமே பனி மாதிரி தெரியுது” என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். அவர் கவலைப்பட்ட நீண்ட கீறல் அப்படியேதான் இருந்தது. கரை மட்டும் சற்று மழுங்கியிருந்தது. அதைச் சுற்றிலும், அவர் விரல் சுழன்ற வழியெல்லாம், வட்டம் வட்டமாகக் கணக்கற்ற மெல்லிய கோடுகள். நடுநடுவே பூச்சு கிழிந்து, தீவுகள் தீவுகளாக நின்றது. ஒரு கோட்டைக் கொடுத்து ஆயிரம் கோட்டை வாங்கியிருந்தார். பற்பசையில் இருப்பது கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ ஆன நுண்ணிய தூள். பல்லின் மேலுள்ள கறையை அராவி எடுப்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. சமையல் சோடா, சாம்பல் எல்லாம் இதே இனம்.

பூச்சு போனால் போகட்டும், கீறலின் அடிமட்டம் வரை சமமாகத் தேய்த்துவிட்டால் என்ன என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்விதான், பௌதிகம் படிக்கிறவனுக்குக் கணக்குப் போட ஒரு வாய்ப்பு. ஆழமான கீறல் 10 மைக்ரான் இருக்கிறது என்று கொள்வோம். தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு போல. அதை நீக்க 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டமான குழிவை விரலால் தேய்த்து உண்டாக்குகிறோம். அந்தக் குழிவின் வளைவு, ஆழத்தை இரட்டித்து, வட்டத்தின் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும்: மீட்டருக்கு 0.8. இதைப் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண்ணில் ஒன்று கழித்த 0.5 ஆல் பெருக்கினால் 0.4 டயாப்டர். கண் மருத்துவர் நம்மை உட்காரவைத்து, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று மாற்றி மாற்றிக் கேட்டு நிர்ணயிக்கும் படியே 0.25 டயாப்டர்தான். ஆக, கண்ணுக்கு நேரே, மருத்துவர் எழுதித் தராத ஒரு குழி வில்லையை நாமே பதித்துவிடுகிறோம். வில்லையின் மேற்பரப்பு சும்மா வழவழப்பான பரப்பு அன்று. அது கணக்கிட்டுச் செதுக்கிய வளைவு. மேசையின் கீறலை இழைத்துப் போக்குவது போல் இதைப் போக்க முடியாததற்குக் காரணம் இதுவே. ‘பாலிஷ் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

மெழுகு தடவுவது இன்னொரு வைத்தியம். கார் மெழுகைத் தடவினால் பள்ளம் நிரம்பிக் கீறல் சில நாள் மறைந்தது போல் இருக்கும். முதல் கழுவலில் மெழுகு போகும், கீறல் வரும். இதனால் லாபமும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்தானது என்று முதலில் சொன்னது இனி வருகிறது. பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு திட்டுத் திட்டாகக் கிழிந்துபோனால், அதை முழுவதும் கரைத்து எடுத்துவிட்டால் கீறல்களும் அதோடு போகும் என்று ஒரு யோசனை உலவுகிறது. பூச்சில் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்காவைக் கரைக்கும் அமிலம் ஹைட்ரோபுளூரிக் அமிலம். கண்ணாடியில் பூ வேலை செய்வதற்காக விற்கும் பசைகளிலும் அதன் உறவான அம்மோனியம் பைபுளூரைடு இருக்கிறது. பிளாஸ்டிக்கை இது தீண்டாது என்பதால் யோசனை காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நம் தம்பியும் இதைச் சொன்னார்: “எங்க லேப்லயே இருக்குண்ணே, ரெண்டு சொட்டு போதும்.” அவரை அன்று உட்காரவைத்துச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மற்ற அமிலங்கள் தோலில் பட்டால் உடனே எரியும். நாமும் பதறிக் கையைக் கழுவுவோம். நீர்த்த ஹைட்ரோபுளூரிக் அமிலம் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் கழித்தே வலி வரும். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு அரிபடும், பரப்பு பெரிதாக இருந்தாலோ அமிலம் செறிவாக இருந்தாலோ ரத்தத்தில் கால்சியம் இறங்கி இருதயம் நின்றுபோகும். இதற்கென்றே கால்சியம் குளுக்கோனேட் களிம்பை அருகில் வைத்துக்கொண்டு, தக்க கையுறையும் முகக்காப்பும் அணிந்து, புகைக்கூண்டுக்குள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. கண்ணில் அணியப்போகும் ஒன்றை விடுதியறையில் அதில் நனைப்பதா? உங்கள் துறையிலோ விடுதியிலோ யாரேனும் இப்படி எண்ணுவதாகத் தெரிந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்தத் தம்பி, பழைய சட்டத்திலேயே வில்லைகளை மட்டும் மாற்றிக்கொண்டார்.

ஆகவே, விழுந்த கீறலுக்கு வைத்தியம் இல்லை. விழாமல் காக்க வழி உண்டு; அதற்கு வேண்டியது தண்ணீர். துடைப்பதற்கு முன் கழுவ வேண்டும். குழாயை மெல்லத் திறந்து, வில்லையின் இரு பக்கமும் தண்ணீர் ஓடும்படி பிடிக்க வேண்டும். மணல் துகள் ஓடும் நீரோடு போய்விடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரே ஒரு சொட்டை விரல் நுனியில் எடுத்து, இரு பக்கமும், மூக்குத் தாங்கியின் இடுக்கிலும் மெல்லத் தடவி, மீண்டும் நீரில் அலச வேண்டும். குளிக்கும் சோப்பு வேண்டாம். டில்லியின் பல விடுதிகளில் வருவது ஆழ்குழாயின் கடினநீர்; அதிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து வெண்ணிறப் பிசுக்காகி வில்லையில் அப்பிக்கொள்ளும். அதே காரணத்தால் நீர்த்துளிகளை அப்படியே உலரவிடவும் கூடாது. உலர்ந்தால் சுண்ணாம்புப் புள்ளி நிற்கும். கண்ணாடியை இரண்டு உதறு உதறி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கோடையில் இன்னொரு எச்சரிக்கை. மே மாதம் பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் முதல் தண்ணீர் கையைச் சுடும். அதில் கண்ணாடியைக் காட்டக் கூடாது. பிளாஸ்டிக் சூட்டில் விரியும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் நீளும். மேலே ஒட்டியிருக்கும் சிலிக்காப் படலமோ அவ்வளவு நீளாது. இழுபறியில் படலம் வெடித்து, சிலந்தி வலை போலக் கோடுகள் விழும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தாலும், ஜனவரியில் ஹீட்டரின் மேல் குனிந்து குளிர் காய்ந்தாலும் இதுவே நேரும். பலர் இதைக் கீறல் என்று எண்ணித் துடைத்த துணியைக் குற்றம் சொல்கிறார்கள். தண்ணீர் சுட்டால் குடிநீர்ப் பானையிலிருந்து ஒரு குவளை எடுத்துக்கொள்ளலாம்.

துணியைப் பற்றி: கடைக்காரர் உறையோடு தரும் நுண்ணிழைத் துணி நல்லது. ஆனால் அது புத்தகப் பையின் அடியில் ஆறு மாதம் கிடந்து, கைக்குட்டையாகவும் பயன்பட்ட பிறகு அதுவும் உப்புத்தாள்தான். வாரம் ஒரு முறை சோப்பில் துவைத்து உலர்த்த வேண்டும். துணியை மணக்கவைக்கும் மென்மைத் திரவங்களில் நனைத்தால் பிசுக்கு ஏறிவிடும். பல முறை துவைத்து நைந்த பழைய வேட்டித் துண்டும் நன்றாக வேலை செய்யும், வில்லையை முன்னால் கழுவியிருந்தால். கஞ்சி போட்ட வேட்டி ஆகாது. காகிதமும் ஆகாது, அதை வெண்மையாகவும் வழவழப்பாகவும் ஆக்குவதற்குச் சுண்ணாம்புத் தூளும் களிமண்ணும் சேர்த்திருப்பார்கள். வகுப்பில் தண்ணீருக்கு எங்கே போவது என்றால், கண்ணாடித் துடைப்பானாக விற்கும் தெளிப்பு நீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டுத் துடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் அறைக்குத் திரும்பும் வரை மங்கலாகவே பார்ப்பது நல்லது.

கழற்றி வைப்பதிலும் சிறிது கவனம் வேண்டும். வில்லையின் முகம் மேசையில் படும்படி கவிழ்த்து வைக்கக் கூடாது. சட்டைப் பையில் சாவியோடும் பேனாவோடும் போடக் கூடாது. இரவு தலையணை அருகே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்குப் பெட்டி எதற்கு இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

எப்போது மாற்றுவது? ஓரத்தில் இருக்கும் கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்மணிக்கு நேராக உள்ள நடுப்பகுதியில் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஐயமிருந்தால் இரவில் இருண்ட அறையில், எட்டத்தில் கைப்பேசியின் விளக்கை ஏற்றி வைத்து, கண்ணாடியோடு பாருங்கள். விளக்கைச் சுற்றி நீண்ட கதிர்கள் தெரிந்து, கண்ணாடியைச் சற்றே சுழற்றும்போது அவையும் சுழன்றால் குற்றம் வில்லையினுடையது. கண்ணாடி சுழன்றும் கதிர்கள் அசையாமல் நின்றால் கண்ணினுடையது. மாற்றும்போது சட்டம் நன்றாக இருந்தால் வில்லைகளை மட்டும் போடச் சொல்லலாம். கடைக்காரர் புதுச் சட்டத்தைக் காட்டத்தான் செய்வார். கடினப் பூச்சு இரு பக்கமும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உட்பக்கத்தையும் நாம்தானே துடைக்கிறோம்!

ஆய்வுக்கூடத்துப் பாதுகாப்புக் கண்ணாடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பொதுச் சொத்தாதலால் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து உராய்ந்து, சில மாதங்களில் பால் போல் மங்கிவிடுகின்றன. மங்கியதும் மாணவர்கள் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அமிலத்தை ஊற்றுகிறார்கள். அதைப் போக்கச் சிலர் மேசை மேலிருக்கும் அசிட்டோனை எடுத்துத் துடைக்கிறார்கள். பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் வெளுத்து நுண்ணிய வெடிப்புகள் விழும். பிறகு அது அடியைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. தனித்தனித் துணிப் பையில் தொங்கவிட்டு, குழாய்த் தண்ணீரில் கழுவினாலே அவை நெடுநாள் வரும். ஏற்கெனவே மங்கியவற்றை மாற்றித் தரும்படி துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம்.